தறிச் சத்தத்தில் ராக்கன்ரோல்

சங்கரன்கோவிலில் முதன்முதலாக ராக்கன்ரோல் வாசித்தவன் எங்கள் கரண்டுதான். இல்லை என்று சொல்கிறவர்கள் என் வாசலுக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

கரண்டு என் கொழுந்தன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர் விட்டுப்போன இசைத்தட்டுகளைக் கேட்டுக் கெட்டுப்போய், மதுரையில் ஒரு கரண்டு கித்தார் வாங்கிவந்தான். அதன் வயரை எங்கள் விசைத்தறிக்கூடத்து லைனில் செருகினான். டமார்! தெரு முழுக்கத் தறிகள் நின்றன. பெயர் ஒட்டிக்கொண்டது.

முன்முடியைக் காக்காக்கூடு மாதிரி தூக்கிவிட்டிருப்பான். அதற்கு ஆகிற எண்ணெயில் நான் ஒரு மாதம் தாளித்துவிடுவேன். பேண்ட்டு அத்தனை இறுக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிடுவான்.

மேளம் அடிக்க அவனுக்கு ஆள் கிடையாது. தறிகள்தான் மேளம். ஓடுகிற தறிகளுக்கு நடுவே நின்று, காலை உதறி உதறி வாசிப்பான். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் இறங்கும். தறி மெதுவாகும், பாட்டும் மெதுவாகும். மத்தியானத்து ராக்கன்ரோல் பொழுது அடைந்ததும் ஒப்பாரியாகிவிடும்.

"ஏலே, எழவு வீட்டுப் பாட்ட நிறுத்து!" என்று மாமனார் கத்துவார்.

"கரண்டு ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்கப்பா. என்னைய ஏன் ஏசுதிய?"

ஒருநாள் திருநெல்வேலியில் கச்சேரி நடத்துகிற ஒருவர் இவன் வாசிப்பதைக் கேட்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்தால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வாராம். கரண்டுக்குச் சோறு இறங்கவில்லை.

"மதினி, இது கெடச்சிட்டா அப்பா என்னைய ஒரு ஆளா மதிப்பாருல்லா?"

"மொதல்ல பேண்ட்ட தளத்தும் கொழுந்தனாரே. மூச்சு விட்டாத்தான வாசிக்க முடியும்?"

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டு கித்தாரைத் தோளில் மாட்டினான். அந்த நேரம் பார்த்து மாமனார் கையைத் தூக்கினார்.

"பெரிய மனுசன் கேக்க வந்திருக்காரு. அத்தனை தறியையும் நிறுத்துங்கலே!"

பண்டிகைக்குக்கூட அரைமனதாகத் தறியை நிறுத்துகிற மனிதர், மகனுக்காக நிறுத்தினார். கூடம் கப்பென்று அடங்கியது. கரண்டுக்குத் தாளம் போயிற்று. எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று தெரியாமல் விரல்கள் முட்டிக்கொண்டன. வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, "பாப்போம் தம்பி" என்று எழுந்துபோனார்.

"தறியப் போடச் சொல்லி அப்பாட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"எனக்காவ நிறுத்துனாரு மதினி. அதப் போய் எப்படிக் குத்தஞ் சொல்ல?"

அடுத்த வருசமே மஞ்சள்காமாலை வந்தது. கல்யாணம்கூட ஆகவில்லை, போய்விட்டான்.

தெருவில் சாவு விழுந்தால், எடுக்கிறவரை தறி ஓடாது. அப்போது அதுதான் வழக்கம். ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. பாடை தூக்குகிற நேரத்தில் மாமனாரிடம் போனேன்.

"மாமா, தறிச் சத்தம் இல்லாம அவனுக்குக் கை ஓடாது. அன்னைக்கு அதான் தடுமாறிட்டான். ஒங்ககிட்ட சொல்ல மனசு வரல அவனுக்கு."

அவர் தறிக்கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"தறியப் போடுங்கலே!"

"அண்ணாச்சி, இன்னும் எடுக்கலயே..." என்று இழுத்தார் தறி ஓட்டுகிற ஒருவர்.

"எம்மவன் கெளம்புதாம்லே. எல்லாத் தறியையும் போடு!"

எங்கள் கூடத்தில் ஆரம்பித்தது, ஒவ்வொரு வீடாகத் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் பாடை போகும்போது தறி நிற்காது. வெளியூர்க்காரர்கள் இரக்கமில்லாத தெரு என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என்னைத் தூக்கும்போதும் ஒரு தறிகூட நிற்கக் கூடாது என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.