அரிசிப் பெட்டியில் பதினொரு மணி

நாலாவது நாற்காலி உள்ளே வந்தபோதுதான் ரெங்கம்மா எழுதிக்கொண்டிருந்த கொப்பியைப் படக்கென்று மூடினாள்.

"இது யாரோடதுப்பா?"

"பெரிய கிளாக்கர் வீட்டோடது," என்றார் முருகையா பெருமையாக. "வார்னிஷ் இன்னும் காயல. வர்றவர சாயாம உக்காரச் சொல்லணும்."

தோட்டத் தொழிலாளர் லயத்தின் அந்த ஒற்றையறைக் காம்பராவில் நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். அதற்குள் இப்போது நாலு நாற்காலி, கடைசிக் காம்பராக்காரரின் தையல் மிசின், அடுத்த காம்பரா இராக்கம்மாவின் சுவர்க்கடிகாரம் எல்லாம் வந்து குடியேறியிருந்தன. கடிகாரத்தை இராக்கம்மாவே ஆணியில் மாட்டி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எதுக்கு இதெல்லாம்?"

"எதுக்கா? கவர்மெண்டு கச்சேரியிலேருந்து ஆபீசர் வர்றாராம், ஒங்கப்பா பெரட்டுல சொன்னாரு. நம்ம லயத்துப் புள்ள காம்பரா காலியாக் கெடந்தா எங்களுக்கில்ல மானக்கேடு?"

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்த பாதி லயத்துக்கு அன்று ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்திருந்தது. எல்லோரும் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள்.

ரெங்கம்மா தன் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் அதற்குள் இருந்தது. அரசாங்க உதவிப்பணம் கிடைத்தால் அது கடிதம். கிடைக்காவிட்டால் அலமாரித் தட்டில் விரிக்கிற காகிதம். விண்ணப்பத்தை அவள் நாலு தடவை எழுதி, ஐந்து தடவை சரிபார்த்து அனுப்பியிருந்தாள். பதினேழாம் கேள்வி: 'வீட்டிலுள்ள பெறுமதியான பொருட்கள்.' 'இல்லை' என்று எழுதினாள். பித்தளைக் குடம் பெறுமதியானதோ என்று சந்தேகம் வந்து வெட்டினாள். குடத்தில் ஓட்டை இருப்பது நினைவு வந்து மறுபடி 'இல்லை' என்று எழுதினாள். அதை நேரில் பார்த்து அறிக்கை எழுதத்தான் இன்றைக்கு ஆள் வருகிறார்.

"அப்பா, அவரு நம்ம வசதிய பாக்க வரல. வசதி இல்லேங்கிறத பாக்க வர்றாரு."

முருகையா மகளைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிச்சு படிச்சு ஒனக்கு ஒலகம் தெரியாமப் போச்சு. ஆறு வருசத்துக்கு முந்தி பிரஜாவுரிமைக்கு ஆபீசர் வந்தப்ப என்ன கேட்டாரு? 'இந்த நாட்டுல பொழைக்க ஒங்ககிட்ட என்ன இருக்கு?'ன்னுதானே? இதே கடியாரத்த மாட்டித்தானே பத்திரம் வாங்குனோம்?"

அந்தப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அன்றிலிருந்து கச்சேரி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அந்த லயத்தில் நாற்காலிகள் தாமாகவே நடக்கத் தொடங்கிவிடும்.

"அது அப்ப, இது இப்ப. இப்ப ஒண்ணும் இல்லேன்னாத்தான் பணம் குடுப்பாங்க."

வாசலில் நின்ற லயம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"ஒரே கவர்மெண்டுதானே?" என்று கேட்டாள் இராக்கம்மா.

"ஒரே கவர்மெண்டுதான்க்கா."

"வெளங்கும்!" என்றபடி அவள் கடிகாரத்தைக் கழற்றினாள். "சரி, தூக்குங்க எல்லாத்தையும்!"

தூக்கியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கீழே தேயிலை மலைக்கு நடுவே வளைவில் ஒரு குடையும் இரண்டு தலையும் ஏறி வந்துகொண்டிருந்தன. லயக் காம்பராவுக்குப் பின்வாசல் கிடையாது. இப்போது எடுத்துக்கொண்டு போனால் அப்புத்தளைத் தேர் ஊர்வலம் போல மலை முழுக்கத் தெரியும்.

"உள்ளேயே ஒளிச்சு வைங்க!" என்றாள் ரெங்கம்மா. சொன்ன உடனேயே சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அதற்குள் மூன்று நாற்காலி பரணுக்கு ஏறிவிட்டன. கடிகாரம் அரிசிப் பெட்டிக்குள் போனது. தையல் மிசினைக் கம்பளியால் மூடி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள் அம்மா கருப்பம்மா.

"அம்மாவுக்குக் காய்ச்சல். சரியா?"

"என்னத்துக்குடி காய்ச்சல்? நல்லாத்தானே இருக்கேன்?"

ஆபீசர் சிதம்பரநாதன் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. அதன் கை அவர் விரல் நுனிவரை இறங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் பியூன் சுக்ரி, வெறும் சட்டையோடு, பல் கிட்டிக்க நின்றான். குடை முழுவதையும் அவர் பக்கமே பிடித்து வந்ததில் அவன் பாதி நனைந்திருந்தான். உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தோளிலிருந்த துண்டால் ஆபீசரின் கோட்டை மேலிருந்து கீழாகத் துடைத்தான். எசமான் மீது இவ்வளவு பக்தியுள்ள பியூனை அந்த லயம் பார்த்ததில்லை.

மிஞ்சியிருந்தது வார்னிஷ் நாற்காலி ஒன்றுதான். ஆபீசர் அதை இழுத்தார்.

"சேர், வாணாம்!" சுக்ரி பாய்ந்து தடுத்தான். "ஈர வார்னிஷ். கோட்டுல ஒட்டிரும்."

"புது நாற்காலியோ?" ஆபீசரின் புருவம் உயர்ந்தது. "ஏழைக் குடும்பம் எண்டு எழுதியிருக்கு."

"அது... கிளாக்கர் வீட்டு நாற்காலிங்க," என்றார் முருகையா.

ஆபீசர் நின்றபடியே அவள் அனுப்பிய விண்ணப்பத்தை விரித்தார். "சரி பிள்ளை. பதினேழாம் கேள்விக்கு 'இல்லை' எண்டு எழுதியிருக்கிறீர். பெறுமதியான சாமான் ஒண்டும் இல்லையோ?"

"இல்ல சார்."

அரிசிப் பெட்டி மணி அடித்தது.

ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று அடித்து ஓய்ந்த பிறகும் பெட்டிக்குள் ஏதோ ரீங்காரம் போட்டது.

"அரிசி சரியான நேரம் காட்டுது," என்றார் ஆபீசர்.

அந்தப் பதற்றத்தில் கருப்பம்மா, ஆபீசருக்கு மரியாதை காட்ட மறந்துவிட்டோமே என்று சட்டென்று எழுந்தாள். முந்தானை மிசின் சக்கரத்தில் சிக்கியிருந்தது. கம்பளி சரிந்தது. மிசின் தன் பங்குக்கு 'டக டக' என்று இரண்டு தையல் போட்டுக் காட்டியது. ஆபீசர் மேலே பார்த்தார். பரணிலிருந்து பன்னிரண்டு நாற்காலிக் கால்கள் கீழே எட்டிப் பார்த்தன.

இராக்கம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "தொரை, கடியாரம் என்னோடதுங்க! ஒங்களுக்கு மரியாத பண்ணத்தான் குடுத்தேன்!"

"மிசின் என்னோடதுங்க!" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"நாற்காலி ரெண்டு எங்களோடது!"

"ஒண்ணு எங்களோடது, கால்ல பேர் வெட்டியிருக்கேன், பாருங்க!"

"சத்தம் போடாதேங்கோ!" ஆபீசர் பைக்குள்ளிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். நழுவி விழுந்த கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டுப் படித்தார். "பிரஜாவுரிமை விசாரணை. முருகையா வீடு. சுவர் மணிக்கூடு ஒண்டு, தையல் மிசின் ஒண்டு, நாற்காலி நாலு. இதைக் கண்டபடியால்தான் நான் நேரிலை வந்தனான். இப்ப இரவல் எண்டால், அண்டைக்குப் பொய் சொல்லியோ பிரஜாவுரிமை எடுத்தனீங்கள்?"

எல்லோருடைய கண்களும் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடிச் சட்டத்துக்குப் போயின. முருகையா அதற்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றார்.

ஆபீசர் கொஞ்சம் இரங்கினார். பேனையைத் திறந்து நீட்டினார். "பழசை நான் கிளறேல்லை. நீர் 'இல்லை' எண்டதை வெட்டிப்போட்டு 'உண்டு' எண்டு எழுதும். உதவிப்பணம் கிடையாது, ஆனால் வழக்கும் கிடையாது."

ரெங்கம்மா பேனையை வாங்கினாள். வாழ்நாளில் அவள் எழுதி வெட்டாத வரி ஒன்றுகூட இல்லை. கொப்பி முழுக்க வெட்டுத்தான். தான் எழுதியது தப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பது அவளுக்குச் சுவாசம் மாதிரி. விண்ணப்பத்தைப் பார்த்தாள். ஓட்டைக் குடத்தைப் பார்த்தாள். பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"வெட்ட மாட்டேன் சார்."

"என்ன?"

"அன்னிக்கு எங்கப்பா இது என் கடியாரம்னு சொல்லல. ஆணியில தொங்கினத அந்த ஆபீசர் பாத்தாரு, எழுதிக்கிட்டாரு. யாரோடதுன்னு அவர் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே இந்தக்கா வாசல்ல நின்னு கத்தியிருக்கும்."

"கத்தியிருப்பேன்," என்றாள் இராக்கம்மா.

"தேயில நட்டது எங்க பாட்டன் காலம். ஒங்ககிட்ட ஒண்ணும் இல்லேன்னா நீங்க இந்த நாட்டு ஆளே இல்லேன்னீங்க. இன்னிக்கு ஏதாச்சும் இருந்தா நீ படிக்க வேணாங்குறீங்க. கடியாரம் இருக்கணுமா, இருக்கக் கூடாதா? ஒரு முடிவா சொல்லுங்க சார், அதுக்குத் தக்கன மாட்டி வைக்கிறோம். ஆனா பதினேழாம் கேள்விக்கு நான் எழுதினது நெசம். நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க. இத நான் வெட்ட மாட்டேன்."

சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் திருத்தவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. வாசலில் யாரோ "அப்பிடிப் போடு!" என்றார்கள்.

ஆபீசரின் காது மடல் சிவந்தது. "நல்லாப் பேசுறீர். ஆனால் நான் பேச்சை எழுத வரேல்லை, கண்டதை எழுத வந்தனான். நல்ல சாமானை ஆரும் சும்மா இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுப்பினமோ? கேக்கிறவனுக்கும் வெக்கம் இருக்காதோ? ஒருத்தன்ரை வீட்டிலை கிடக்கிறது அவன்ரை. ஒருத்தன்ரை மேலிலை கிடக்கிறது அவன்ரை. இரவல் எண்ட சொல்லுக்குக் கச்சேரியிலை இடமில்லை. இதுதான் என்ரை அறிக்கை."

அறிக்கைத் தாளை அரிசிப் பெட்டிமேல் விரித்தார். நழுவிய கோட்டுக் கையை மறுபடி முழங்கைவரை தள்ளிவிட்டு, 'வசதியுள்ள' என்று எழுதத் தொடங்கினார்.

மூலையில் நடுங்கிக்கொண்டு நின்ற சுக்ரி மெதுவாகச் செருமினான்.

"அப்பிடியெண்டா சேர், காலையில குளிருதெண்டு நான் குடுத்த எண்ட கலியாணக் கோட்டு இனி எனக்கு இல்லியா?"