கொம்பனி ஒரு திறப்புத்தான் குடுத்தது

என்ரை புது ஸ்கூட்டியை என்னைத் தவிர வேறை ஒருத்தரும் ஓடக்கூடாது!

இது நான் எடுத்த சபதம். ஸ்கூட்டி வீட்டை வந்த அண்டைக்கே எடுத்தது. எடுக்க முதல் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கேல்லை. அதாலைதான் இப்ப யாழ்ப்பாணம் போற பஸ்ஸில ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால இதை ரைப் பண்ணுறன். எழுத்துப்பிழை இருந்தா டிரைவரைக் கேளுங்கோ.

ஸ்கூட்டி எண்டா சும்மா ஸ்கூட்டி இல்லை. நீலம். கடலைக் காய்ச்சி வடிச்சு ஊத்தின நீலம். வாகன இறக்குமதியைத் திறந்து விட்ட நாளில இருந்து நான் கனவு கண்ட நீலம். சீற்றில சுத்தியிருந்த பொலித்தீனைக்கூட நான் உரிக்கேல்லை. ஏறி இருந்தா சறுக்கும். சறுக்கட்டும். புதுசு புதுசாவே இருக்கோணும்.

அதை ஸ்டார்ட் பண்ணுற திறப்பு ரெண்டு வந்தது.

அந்த இடத்திலதான் என்ரை மூளை வேலை செய்தது. என்ரை மனுசி நிவேதனா கோப்பாயில முன்பள்ளி ரீச்சர். நீர்வேலியில இருந்து லேடீஸ் சைக்கிள் மிதிச்சுப் போறவள். லைசென்ஸ் எனக்கு முதலே எடுத்தவள். நான் எட்டுப் போடேக்கை காலை ஊண்டிப் பெயில். அவள் முதல் தரமே பாஸ். அப்பிடிப்பட்ட ஆளுக்கு ரெண்டாவது திறப்பு கிடக்கெண்டு தெரிஞ்சா என்ன நடக்கும்? அவள் ஸ்கூட்டி, நான் லேடீஸ் சைக்கிள்!

"என்னப்பா, ஒரு திறப்புத்தானோ தந்தவங்கள்?"

"ஓம்."

"அண்ணை ஸ்கூட்டி வாங்கேக்கை ரெண்டெல்லோ குடுத்தவங்கள்?"

"அது முந்தி. இப்ப கொம்பனி ஒண்டுதான் குடுக்குது. நாட்டு நிலைமை."

"நாட்டு நிலைமைக்கும் திறப்புக்கும் என்ன?"

"டொலர்."

டொலர் எண்டு சொன்னா இந்த நாட்டில ஆரும் மேல கேக்க மாட்டினம். அவளும் கேக்கேல்லை. என்னை ஒரு பார்வை பாத்துப்போட்டுப் புட்டு அவிக்கப் போட்டாள்.

ரெண்டாவது திறப்பை எங்கை ஒளிச்சன் தெரியுமோ? கிணத்தடியில கிடந்த என்ரை கிரிக்கெட் சப்பாத்துக்குள்ள! இடது கால், பெருவிரல் போற மூலை. அந்தச் சப்பாத்து தண்ணியைக் கண்டு வருசக்கணக்கு. ஊர் நாய்களே அதைச் சுத்தித்தான் போகும். நிவேதனா மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணி அள்ளுறவள். பாங்கு லொக்கர் தோத்துப்போம்.

வெள்ளிக்கிழமை சன்னிதிக்கு வெளிக்கிட்டம். புது வாகனம் எண்டா முருகனிட்டைக் காட்டாமல் ஓடேலாது. தேங்காய், கற்பூரம், மாலை, தேசிக்காய் எல்லாத்தையும் சீற்றுக்குக் கீழை வைச்சுப் பூட்டினன். ராகுகாலம் துவங்க முதல் சில்லு தேசிக்காய்க்கு மேல ஏறோணும். பிந்தினால் அந்த வாகனத்துக்கு ஆயுசுக்கும் கேடு எண்டு என்ரை அம்மா சொல்லி விட்டவ.

தொண்டைமானாத்தங்கரையில நிவேதனா கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ. காலை மட்டும் நனைச்சுப்போட்டு வாங்கோ, காணும்."

"உன்னட்டைத் தந்தா நீ எங்கையாவது துலைச்சுப்போடுவாய்."

சொன்னன். என்ரை வாயாலதான் சொன்னன்.

சேட்டைக் கழட்டினன். திறப்பை வேட்டி இடுப்பில செருகினன். புது ஸ்கூட்டிப் பக்தி! ஒரு முழுக்குக் காணாதெண்டு மூண்டு முழுக்குப் போட்டன். முருகா! முருகா! முருகா!

சன்னிதியில பூசை செய்யிறவை வாயைத் துணியால கட்டிக்கொண்டுதான் செய்வினம். அண்டைக்கு எனக்கும் ஆராவது ஒரு துணி தந்திருந்தா நான் தப்பியிருப்பன்.

கும்பிட்டுப்போட்டு வெளியில வந்தம். வாகனத்துக்குப் பூசை செய்ய வந்த ஐயா தட்டை நீட்டினார்.

"திறப்பை வையுங்கோ தம்பி. கெதியா. நேரம் போகுது."

இடுப்பில கை வைச்சன். வலப்பக்கம். இடப்பக்கம். பின்பக்கம். அரைநாண் கிடந்தது. அது மட்டும்தான் கிடந்தது.

"என்ன தேடுறியள்?" எண்டாள் நிவேதனா.

"இல்லை... ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை ஏன் இவ்வளவு நேரம் தேடுறியள்?"

சனம் கூடீட்டுது. ரெண்டு பெடியள் ஆத்துக்க குதிச்சாங்கள். சோப்புப் பெட்டி வந்துது. ஒத்தைச் செருப்பு வந்துது. திறப்பு வரேல்லை. சீற்றைத் திறக்கேலாது. தேங்காய் உள்ளுக்கு. தேசிக்காய் உள்ளுக்கு. ஐயா ஒருக்கா ஃபோனைப் பாக்கிறார், ஒருக்கா என்னைப் பாக்கிறார்.

கோயில் வாசல்ல பூக்கடை வைச்சிருக்கிற அருமைநாயகி அக்கா சனத்தை விலத்திக்கொண்டு வந்தா.

"ஏன் தம்பி அந்தரப்படுறீர்? மற்றத் திறப்பு வீட்டை இருக்கும்தானே?"

நிவேதனா என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

"கேக்கிறா, சொல்லுங்கோவன். ஒண்டோ, ரெண்டோ?"

"ஒண்டுதான் அக்கா. கொம்பனி ஒரு திறப்புத்தான் குடுத்தது. சன்னிதியானாணை!"

வாயில வந்திட்டுது. அந்த நேரம் பாத்துக் கோயில் மணி டாங் எண்டுது.

"மணியும் அடிச்சிட்டுது. பெடி மெய்தான் சொல்லுறான்" எண்டு அருமைநாயகி அக்கா தன்ரை கன்னத்தில போட்டுக்கொண்டா. பொய்ச் சத்தியம்! அதுவும் சன்னிதியான்ரை வாசல்ல!

"இந்தா வாறன்" எண்டுபோட்டு மடத்துக்குப் பின்னாலை ஓடினன். பக்கத்து வீட்டு றெஜிக்கு வீடியோ கோல்.

"மச்சான், உயிர் போற விசயம். மதிலேறிக் குதி. கிணத்தடிக்குப் போ. என்ரை கிரிக்கெட் சப்பாத்துக்குள்ள ஒரு திறப்புக் கிடக்கு. எடுத்துக்கொண்டு பறந்து வா."

"அந்தச் சப்பாத்துக்குள்ளயோ? உன்ரை உயிர்தானே போகுது, என்ரை உயிரை ஏன்ரா கேக்கிறாய்?"

"டேய், பகிடி விடாதை. ராகுகாலம் வரப்போகுது!"

மதில் ஆடுது. வாழை ஆடுது. கிணறு தெரியுது.

"மச்சான், இஞ்சை சப்பாத்தைக் காணேல்லை."

"வடிவாப் பார்!"

"பொறு பொறு. அங்கை கொடியில தொங்குது."

"கொடியிலயோ?"

"ஓம். நல்லாத் தோய்ச்சுக் கவிட்டுத் தொங்குது. வெள்ளையடா! இது வெள்ளைச் சப்பாத்தெண்டே எனக்கு இப்பதான் தெரியும். மணக்கவும் இல்லை."

"உள்ளுக்குக் கையை விடு!"

"விட்டிட்டன். ஒண்டுமில்லை. சோப்பு வாசம் மட்டும்தான்."

கோலைக் கட் பண்ணினன். தோய்ச்சது ஆரெண்டு நான் றெஜியைக் கேக்கேல்லை. கேக்கத் தேவையுமில்லை.

திரும்பி வந்தா சனம் இன்னும் கூடியிருக்கு. நிவேதனா ஸ்கூட்டிக்குப் பக்கத்தில, தோளில ஹாண்ட்பாக்கோட, அமைதியா நிக்கிறாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. அமைதியா நிண்டாத்தான் பயம்.

ஐயா தட்டைக் கீழை வைச்சிட்டார். "தம்பி, இனிச் சரிவராது போல."

"ஒரு நிமிசம் ஐயா" எண்டு நிவேதனா எனக்குக் கிட்ட வந்தாள். குரலைத் தணிச்சாள். "கடைசியாக் கேக்கிறன். வேறை திறப்பு இல்லைத்தானே?"

இருக்கெண்டு சொன்னா இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் பொய்ச் சத்தியம் செய்தவன். இல்லையெண்டு சொன்னா அவள் என்ன செய்வாளெண்டு தெரியாது. தெரியாததே பறவாயில்லை எண்டு நினைச்சன்.

"இல்லை."

"சன்னிதியானாணை?"

"...ஆணை."

அவள் ஹாண்ட்பாக்கைத் திறந்தாள். விபூதிப் பையைத் தூக்கினாள். அதுக்குக் கீழை இருந்து எடுத்து, எல்லாருக்கும் தெரியிற மாதிரி உயத்திப் பிடிச்சாள். வெயில்ல மினுங்கிச்சுது.

"அப்ப இது என்னப்பா?"

அருமைநாயகி அக்கா திறப்பைப் பாக்கிறா, என்னைப் பாக்கிறா, கோயிலைப் பாக்கிறா. ஐயா தட்டோட நிமிந்தார். ஆத்துக்க நிண்ட பெடியள்கூட அசையேல்லை.

எனக்கு ரெண்டு வழிதான். ஒண்டில் நான் பொய்யன். இல்லாட்டி...

"புதுமை!" எண்டு கத்தினன். "முருகன் குடுத்திருக்கிறார்! சன்னிதியான் குடுத்திருக்கிறார்!"

"அரோகரா!" எண்டுது சனம். ஒரு கிழவர் ஸ்கூட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். நான் தப்பீட்டன்! அப்பாடா எண்டு நிவேதனாவின்ரை கையில இருந்த திறப்பை எடுக்கப் போனன்.

அருமைநாயகி அக்கா என்ரை கையில ஒரு தட்டுத் தட்டினா.

"பொறும். முருகன் இதை ஆரின்ரை கையில குடுத்தவர்?"

"...அவவின்ரை."

"உமக்குத் தந்தது ஆத்தோட போட்டுது. முருகன் ஒரு பொம்பிளையின்ரை கையில குடுத்ததை நீர் பறிக்கப்படாது. பிள்ளை, நீர் ஓடும்!"

"இல்லையக்கா, அவவுக்குப் பழக்கமில்லை..."

"லைசென்ஸ் இருக்கு அக்கா" எண்டாள் நிவேதனா. அதே ஹாண்ட்பாக்குக்க இருந்து அதையும் எடுத்தாள்.

ராகுகாலம் துவங்க முதல் சில்லு தேசிக்காய்க்கு மேல ஏறிச்சுது. சடக். முன்னுக்கு நிவேதனா. பின்னுக்கு நான், வேட்டியோட, மடியில அரிச்சனைத் தட்டோட. சீற்றில பொலித்தீன் சறுக்குது. பிடிக்காட்டி விழுவன். அச்சுவேலிச் சந்தியில என்ரை கிரிக்கெட் ரீமே தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டுது. நான் மனுசியின்ரை இடுப்பை இறுக்கிக் கட்டிப்பிடிச்சபடி சந்தியைக் கடந்தன். ஒருத்தன் விசிலடிச்சான்.

திறப்பை எப்ப எடுத்தனி எண்டு கேக்க வாய் உன்னுது. கேட்டா ஒளிச்சது நான்தானெண்டு ஆகிப்போம். விழுங்கினன். அவளே கதைச்சாள், தலையைத் திருப்பாமல்.

"வீட்டை போனோடன சப்பாத்தை எடுத்து உள்ளுக்கு வையுங்கோ. காஞ்சிருக்கும்."

இந்தா, பஸ் கோப்பாய்க்கு வந்திட்டுது. எங்களை முந்திக்கொண்டு நீலமா ஒண்டு போகுது. ஹோர்ன் வேறை அடிக்குது. பொலித்தீனையும் உரிச்சுப்போட்டாள்!

நேற்று மெல்லமாக் கேட்டுப் பாத்தன். "நிவே, ஒரு திறப்போட இருக்கிறது ஆபத்து. துலைஞ்சா என்ன செய்யிறது? ஒருக்காத் தாவன், டவுனில டூப்ளிக்கேட் ஒண்டு வெட்டிக்கொண்டு வாறன்."

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கும்பிட்டாள். பேந்து சொன்னாள்:

"முருகன் ஒரு திறப்புத்தானாம் குடுத்தவர். டொலராம்."