அரை வக்கீலும் முழுத் தீர்ப்பும்

பல் துலக்கும்போதே அரை வக்கீல் முடிவு கட்டிவிட்டார். இன்றைக்குத் தையல் மெஷின் வெளியே, தான் உள்ளே.

கிடங்கில் மேற்பார்வை வேலை பார்த்துக்கொண்டே, தலை பாதி நரைத்த பிறகு, மாலை நேரச் சட்ட வகுப்பில் சேர்ந்தவர் அவர். இன்னும் பரீட்சை எழுதவில்லை. அதனால்தான் தெருவில் அந்தப் பெயர். ஒரே குறை, வீட்டில் படிக்க இடமில்லை. இருந்த ஒரு சின்ன அறையில் மனைவி தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கெஞ்சிப் பார்த்தார், மிஞ்சிப் பார்த்தார். ஊசி முனை இடம் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் ஒரு தீர்ப்பைக் கொடுத்து, "சுருக்கமும் விமர்சனமும் எழுதி வாருங்கள்" என்றார். வழக்கு இதுதான்: அப்பா விட்டுப்போன ஒரு வீடு. அதில் ஓர் அறையில் தங்கை கூடை பின்னிப் பிழைக்கிறாள். அறையைக் கேட்டு அண்ணன் போட்ட வழக்கு. நாலாம் பக்கத்தில் கண்ணைப் பறித்தது ஒரு வரி: 'குடும்பத் தலைவனுக்கே அறை சொந்தம்.'

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது! மீதியை எதற்குப் படிக்க வேண்டும்? சுருக்கம் என்றால் சுருக்குவதுதானே!

தீர்ப்போடு அறை வாசலில் நின்று கனைத்தார். உள்ளே, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கிப்போகப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தாள்.

"இந்தா பாரு, இனிமே இந்த வீட்டுல எல்லாம் சட்டப்படிதான்."

"சட்டமா?" என்றாள் மனைவி. "நம்ம கல்யாணப் படத்தோட சட்டம் கழண்டு தொங்குது. முதல்ல அதுக்கு ஆணி அடிங்க."

"நான் சொல்றது கோர்ட்டு சட்டம்! தீர்ப்பே வந்திருச்சு. அறை குடும்பத் தலைவனுக்குத்தான்."

"யாரு அது?" என்றாள் அக்கா, நிஜமாகவே தெரியாதவள் போல.

"குறுக்க பேசாதீங்கக்கா!"

"பேசலை தம்பி. இது குறுக்கு விசாரணை."

மனைவி மெஷினை நிறுத்தி, தாள்கட்டை வாங்கி, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"அங்க எங்க போற? முதல்ல இருந்து படி!"

"கதைன்னா எனக்குக் கடைசிப் பக்கம்தாங்க முதல்ல. யாரு பொழைச்சான்னு தெரியாம நிம்மதியா படிக்க வராது. இதோ... 'வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது.' ஐ, தள்ளுபடியா? எவ்வளவு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "முழுசும். அண்ணன்காரன் அவுட்டு."

அரை வக்கீல் கால் வக்கீலாகிவிட்டார். "அப்ப அந்த நாலாம் பக்கம்?"

மனைவி புரட்டினாள். "இதுக்கு மேல் வரியைப் பார்க்கலையா? 'வாதி கூறுவதாவது.' இது அண்ணன் சொன்னதுங்க. ஜட்ஜு சொன்னது கடைசியில இருக்கு. அறையில வேலை செஞ்சு பிழைக்கிறவளுக்குத்தான் அறை. வழக்குச் செலவு வாதி தலையில."

"வாதின்னா..."

"வம்பைக் கொண்டு வந்தவர். இந்தாங்க, அக்கா ரவிக்கைக்குக் கொக்கி தைங்க. செலவு தீர்ந்துரும்."

"விடமாட்டேன்! மேல்முறையீடு செய்வேன்!"

"தாராளமா. மேல மொட்டைமாடி காலியாத்தான் கிடக்கு. போய் முறையிடுங்க."

போனார். காயப்போட்ட துணிகள் கழுத்தில் சொட்டச் சொட்ட, விரலைக் குத்திக் குத்திக் கொக்கி தைத்து முடித்தார். பிறகு விமர்சனத்துக்கு உட்கார்ந்தார். இருந்த கோபத்தில் தீர்ப்பு முழுக்க ஓட்டையாகத் தெரிந்தது. நீதிபதியைக் கிழித்துத் தொங்கவிடப் பேனாவைத் திறந்தார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

"எழுதியாச்சாங்க? கொண்டாங்க, பார்க்கலாம்!"

அவள் எந்தப் பக்கத்தை முதலில் படிப்பாள் என்பது இப்போது அவருக்குத் தெரியும். அவசரமாகக் கடைசித் தாளை உருவி, அதன் அடியில் எழுதினார்: 'இத்தீர்ப்பு மிக மிகச் சரியானது.'