பிழை பிடித்த படலம்

"அன்புள்ள அண்ணி அவர்களே, அந்தப் பாலாடைக்கட்டித் தட்டைச் சற்றே இப்பக்கம் நகர்த்த இயலுமா?" என்று ஹைப் சித்தப்பா கேட்டதும் யோரிண்டேவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாதாரண நாளில் அவர் "ஏய், சீஸைத் தள்ளு" என்பார். அதுவும் வாய் நிறைய சீஸ் இருக்கும்போது.

"சித்தப்பா, எப்பவும் பேசுற மாதிரி பேசுங்களேன்!"

"நான் எப்பொழுதும் இவ்வண்ணமே உரையாடுவேன், மகளே" என்றார் அவர், மேசை நடுவில் சிவப்பு விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்து. பல்கலைக்கழகத்தில் போட்டுக் கேட்பார்கள் என்று தெரிந்ததும் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அன்று அப்பா ஆரெண்டின் பிறந்தநாள். கௌடா ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வருடம் தவறாமல் இந்த வட்டத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கத்துவார்கள். இன்று செய்தி வாசிப்பவர்கள் கூட்டம் போல முறை வைத்துப் பேசினார்கள்.

யோரிண்டே லைடன் பல்கலைக்கழகத்தில் டச்சு மொழி படிக்கிறாள். அதில் சேர்ந்தபோதே அப்பா சொன்னார், "டச்சுக்காரிக்குப் பொறந்து, டச்சு பேசி வளந்து, இப்போ டச்சு படிக்கப் போறியா? சொந்த வீட்டுக்கு வழி கேக்குற மாதிரி இருக்குடி."

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, வாக்கிய அமைப்புத் தேர்வில் அவள் தோற்றுவிட்டாள். துணை வாக்கியத்தில் வினைச்சொற்கள் எல்லாம் ஏன் கடைசியில் போய் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன என்று கேட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவற்றை அங்கேதான் நிறுத்திவருகிறாள். ஏன் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தக் கள ஆய்விலும் தோற்றால் படிப்பை விட்டே போக வேண்டியதுதான்.

ஆசிரியை ஓடிலியா பூலன்ஸ் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"டச்சுல 'அவர்கள்'னா 'ஸெய்'. 'அவர்களுக்கு'ன்னா 'ஹுன்'. ஆனா ஊர்ல பாதிப் பேர், 'அவர்களுக்கு வந்தார்கள், அவர்களுக்குப் போனார்கள்'ங்கிற மாதிரி, எழுவாய் இடத்துல 'ஹுன்' போட்டுப் பேசுது. பத்திரிகைக்காரங்க திட்டட்டும், நமக்கு அது வேலையில்ல. எப்போ, எதுக்கு வருதுன்னு பாக்கணும். இயல்பான பேச்சுல அதைப் பிடிச்சுட்டு வா. ஒளிச்சு வச்சுப் பதிவு பண்ணாதே, சொல்லிட்டுப் பண்ணு."

"அதுக்கென்ன மேடம், எங்க வீட்டுல அவங்க அப்படித்தான் பேசுவாங்க" என்றாள் யோரிண்டே. "எனக்குத்தான் கேட்டாலே காது கூசும்."

இப்போது கூசுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கருவி கண்ணில் படுவதால்தான் இந்தச் செந்தமிழ் மாதிரியான செந்டச்சு என்று நினைத்து, அதை ஒரு செடித்தொட்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். சித்தப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு செடியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"வானிலை இதமாக உள்ளது" என்று செடியிடம் சொன்னார்.

விடுவதாக இல்லை யோரிண்டே. யோசித்தாள். எழுவாய் பன்மையில் வேண்டும், படர்க்கையில் வேண்டும். அதாவது இங்கே இல்லாத யாரையாவது பற்றிப் பேச வேண்டும். இலக்கணம் மறக்கிற அளவுக்குக் கோபமும் வர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். பக்கத்து வீட்டு க்வாக்கர்நாக் தம்பதி.

"அப்பா, அவங்க தோட்டத்துல புதுசா கொட்டகை கட்டினாங்களே, அனுமதி வாங்கித்தான் கட்டினாங்களா?"

அப்பாவின் கழுத்து சிவந்தது. செய்தி வாசிப்பு அந்த நொடியே நின்றது.

"அதுங்களா? அனுமதியா? அதுங்க மூஞ்சிக்கு எவன் குடுப்பான்? கோடைக்காலம் பூரா என் நாற்காலியில நிழல்!"

யோரிண்டே காதைத் தீட்டிக்கொண்டாள். 'அதுங்க'. அது வேண்டாம்.

"அம்மா, அவங்க உன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"அந்த ஜென்மங்க எங்க சொல்லும்? குப்பைத் தொட்டியை நம்ம வாசல்ல வைக்கிற கூட்டம்தானே அது!" என்றாள் அம்மா டினெக்கெ.

'ஜென்மங்கள்'. 'கூட்டம்'. எல்லாம் வந்தது, 'ஹுன்' மட்டும் வரவில்லை. கோபம் போதவில்லை என்று யோரிண்டேவுக்குத் தோன்றியது. அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"அவங்க நம்ம செர்ரி மரத்தை வெட்டச் சொல்லி நகராட்சியில மனு குடுத்திருக்காங்களாமே."

அப்பா எழுந்தார். பதில் சொல்வார் என்று கருவியைத் தூக்கி அருகில் பிடித்தாள். அவர் பதில் சொல்லாமல் தோட்டத்துக்குப் போய், வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அங்கேயே சொன்னார். கருவியில் கதவு சாத்தும் சத்தம் மட்டும் பதிந்தது.

சற்று நேரத்தில் க்வாக்கர்நாக் தம்பதி முகம் கடுகடுக்க உள்ளே வந்தார்கள். சண்டைக்குத்தான் வந்தார்கள். ஆனால் வட்டத்தைப் பார்த்ததும் பிறந்தநாள் என்று புரிந்துவிட்டது. பிறந்தநாள் வீட்டுக்குள் வந்தவர்கள், அந்த ஊர் வழக்கப்படி வீட்டார் ஒவ்வொருவரையும் வாழ்த்தாமல் எப்படிச் சண்டை போடுவது?

"உங்க வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று அம்மாவின் கையைக் குலுக்கினார் க்வாக்கர்நாக்.

"உங்க அண்ணன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று சித்தப்பாவின் கையைக் குலுக்கினாள் திருமதி க்வாக்கர்நாக்.

"உங்க அப்பா பிறந்தநாளுக்கு" என்று யோரிண்டேவின் கையையும் குலுக்கினார்கள். கடைசியில் அப்பாவின் கையை எலும்பு நொறுங்கக் குலுக்கிவிட்டு, காபியும் ஆளுக்கொரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, அதன் பிறகுதான் கத்தத் தொடங்கினார்கள்.

"நீங்க யாருய்யா என் கொட்டகையைப் பத்திப் பேச?"

"நீங்க யாரு என் மரத்தை வெட்ட?"

"உங்க மரத்து எலையெல்லாம் என் கூரையிலதான் விழுது!"

அருமையான சண்டை. குரல்கள் எல்லாம் தெளிவாகப் பதிந்தன. ஆனால் யோரிண்டே தலையில் கை வைத்துக்கொண்டாள். நேருக்கு நேர் வந்துவிட்டதால் படர்க்கை போய் முன்னிலை வந்துவிட்டது. எல்லாம் 'நீங்க', 'நீங்க', 'நீங்க'!

இவர்களைப் பிரித்தாக வேண்டும். திருமதி க்வாக்கர்நாக்கைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். பதிவு செய்வதாகச் சொல்லிக் கருவியைக் காட்டினாள். அந்த அம்மாள் அதற்கும் தலையாட்டினாள். தன் பக்க நியாயம் லைடன் வரை போவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

"இப்போ சொல்லுங்க ஆன்ட்டி. அவங்க உங்களைப் பத்தி என்னவெல்லாம் சொன்னாங்க தெரியுமா?"

"யாரு?"

"எங்க அப்பா அம்மாதான். அவங்க உங்களைக் கூட்டம்னு சொன்னாங்க. நீங்க அவங்களைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. மனசுல இருக்கறதைக் கொட்டுங்க."

திருமதி க்வாக்கர்நாக் கொட்டவில்லை. நேராகக் கூடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

"டினெக்கெ, எங்களைக் கூட்டம்னு சொன்னியா?"

"நீ எங்க மரத்தை வெட்ட மனு குடுத்தியா?"

"என்ன மனு? எந்த மரம்? வருஷா வருஷம் உங்க செர்ரியிலதானே நான் ஜாம் போடறேன்?"

சித்தப்பா வாய்க்குப் போன சீஸ் பாதியில் நின்றது.

"மனுன்னு யாரு சொன்னது?" என்றார் க்வாக்கர்நாக்.

எல்லாத் தலைகளும் சமையலறை வாசலில் கருவியோடு நின்றவளைப் பார்த்துத் திரும்பின.

"அவதான்" என்றார் அப்பா.

"அவளா? என்னையும் இப்போ உள்ள கூட்டிட்டுப் போய்க் கிண்டினா" என்றாள் திருமதி க்வாக்கர்நாக்.

"சின்னதுலேர்ந்தே அவ அப்படித்தான்" என்றாள் அம்மா.

இப்போது படர்க்கை திரும்பி வந்திருந்தது. ஆனால் ஒருமையில்.

"ஒரு இலக்கணத்துக்காக ரெண்டு குடும்பத்தை அடிச்சுக்க வச்சியா?" என்று அப்பா கத்தினார்.

"அப்பா, மெஷின் இன்னும் ஓடுது. என்னை அப்புறம் திட்டுங்க. முதல்ல வேற யாரையாவது, ரெண்டு மூணு பேரைச் சேத்துத் திட்டுங்க, ப்ளீஸ்."

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இனிமே நாம நேராப் பேசிக்கலாம்", "ஆமா, நாம எதுக்கு அடுத்தவங்க பேச்சைக் கேக்கணும்" என்று அவர்கள் தன்மைப் பன்மைக்குப் போய்விட்டார்கள். கொட்டகையின் கூரையைத் தாழ்த்துவதாக க்வாக்கர்நாக் சொன்னார். அப்பா அவருக்கு இரண்டாவது துண்டு கேக் கொடுத்தார். அந்த வீட்டு வரலாற்றில் எவருக்கும் இரண்டாவது துண்டு கிடைத்ததில்லை.

மறுநாள் யோரிண்டே பதிவு முழுவதையும் கேட்டாள். தன் குரலைத் தானே கேட்பது அவளுக்கு ஆகாது, மூக்கடைத்த வாத்து போல இருக்கும். ஆகவே தன் குரல் வந்த இடங்களை எல்லாம் ஓட்டிவிட்டு மற்றவர்கள் பேசியதை வரிவரியாகக் கேட்டாள். பிறகு இன்னொரு தரம் கேட்டாள். ஒன்றுகூட இல்லை.

இருந்தும் பதிவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். "கௌடாவில் இந்த வழக்கு அறவே இல்லை" என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஓர் அறிக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு லைடனுக்கு ரயில் ஏறினாள். வழியெல்லாம் மனதுக்குள் கெஞ்சிப் பார்த்துப் பழகினாள். கால்பந்து மைதானத்துக்குப் போகிறேன், சந்தைக்குப் போகிறேன், மழையில் நிற்கிறேன், இன்னொரு வாய்ப்பு மட்டும் கொடுங்கள்.

ஆசிரியை வகுப்பில் இருந்தார். அவர் அறையில் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் வடிக்கும் உதவியாளர் வொப்பெ காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். ஃப்ரீஸ்லாந்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"கௌடா பதிவா?" என்று கேட்டுக் காதிலிருந்ததைக் கழற்றினார். "உக்காருங்க. மேடம் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. ஒரே பதிவுல இத்தனை 'ஹுன்' கேட்டதே இல்லைன்னு சொன்னாங்க. நீங்க பாஸ்."

யோரிண்டே சிரிக்கவில்லை. கடைசி நேரத்தில் பொய்யாகப் பாஸாவதில் அவளுக்கு விருப்பமில்லை. அறிக்கையை மேசையில் வைத்தாள்.

"வேற யார் பதிவையோ கேட்டுட்டுச் சொல்றீங்க. எங்க வீட்டு ஆளுங்களை நான் ரெண்டு தரம் கேட்டாச்சு. அவங்க ஒரு இடத்துலகூட 'ஹுன்'னு சொல்லவே இல்ல!"

வொப்பெ அவசரமாகப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டு சொன்னார்: "அவங்க சொல்லலைதான், நடுநடுவுல கேள்வி கேக்குற பொண்ணு மட்டும்தான் வாயைத் திறந்தாலே 'அவங்களுக்குக் கட்டினாங்க, அவங்களுக்குச் சொன்னாங்க'ன்னு பேசுது — இதோ, இப்போகூட!"