டொம் மேஸ்திரி அக்கரை போன நாள்

தங்க வயலில் டொம் மேஸ்திரி விரலை மடக்கித் தட்டிப் பார்க்காத பொருள் ஆகாயம் ஒன்றுதான். அதுவும் கை எட்டாததால் தப்பியது.

சுரங்கத்தில் அவருக்கு மரமுட்டுக் கொடுக்கிற வேலை. தோண்டிய இடத்தில் மேல்பாறை தலையில் விழாதபடி கட்டைகளை நிறுத்தித் தாங்க வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கடப்பாரையால் பாறையைத் தட்டிக் கேட்க வேண்டும். டிங் என்றால் கெட்டி. டொம் என்றால் உள்ளே விரிசல், ஓடிவிடு. இதைக் கீழே எல்லாரும் செய்வார்கள். மேஸ்திரி மட்டும் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறி மேலே வந்த பிறகும் நிறுத்தவில்லை. எங்கள் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் பூசணிக்காயைத் தட்டுவார், அது நியாயம். காய்க்காரர் முதுகையும் தட்டுவார். கோயிலில் தூணைத் தட்டிய பிறகுதான் சாமிக்குக் கும்பிடு. எனக்கு ஒருமுறை இருமல் வந்தபோது மார்பில் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, "கொஞ்சம் டொம்முன்னுதான் கீது தம்பி" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியது கிடையாது.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. வீடு என்றால் அந்தக் காலத்தில் மூங்கில் தட்டியும் மேலே தகரமும்தான். அதைத் தட்டினால் எப்படி டிங் என்று கேட்கும்? ஒரு மழைக்காலத்தில் மேஸ்திரி தன் வீட்டுக் கூரையைத் தட்டிப் பார்த்து முகம் செத்துப்போய், சுரங்கத்தில் கழித்துப் போட்ட கட்டை ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். பிறகு இன்னொன்று. தீபாவளி வருவதற்குள் வீட்டுக்குள் ஒரு சவுக்குத்தோப்பே நின்றது. அவர் மனைவி கன்னியம்மா அக்கா அடுப்புக்கும் பாய்க்கும் பக்கவாட்டில்தான் நடந்து போவாள். சோற்றுப் பானையோடு திரும்ப முடியாது. கடைசியாக ஒரு கட்டை படுக்கிற இடத்தில் வந்து நின்றது, இரண்டு பேருக்கும் நடுவில். "நான் மனுசங்கூட குடுத்தனம் பண்ண வந்தேன், மரத்துகூட இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு, பேத்தமங்கலம் ஏரிக்கு அக்கரையில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேஸ்திரி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் போலத் தெரியவில்லை. சாப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். பிறகு ஒரு வளையல்காரர் மூலமாகச் சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய அக்காவின் அண்ணன் வேலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார். அவர் வந்துவிட்டால் அவரோடு போய்விடுவாளாம், பிறகு யாரும் தேடி வர வேண்டாமாம். அதற்குள் வந்து கூப்பிடுகிறவர்கள் கூப்பிடலாமாம்.

ஞாயிறன்று மேஸ்திரி துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கரையைச் சுற்றிப் போகிற பாதை தண்ணீருக்குள் கிடந்தது. அக்கரையைப் பனி மூடியிருந்தது. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு நாரை நட்டநடு ஆகாயத்தில் ஒற்றைக்காலில் நின்றது. வாரம் முழுக்கப் பூமிக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கிடக்கிறவர்களுக்கு, இத்தனை வெளிச்சம் ஒரே இடத்தில் சிந்திக் கிடப்பதைப் பார்த்தால் காலடியில் தரை கொஞ்சம் மிதக்கும். வந்த காரியத்தை மறந்து இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

துறையில் ஊருக்குப் பொதுவான பெரிய மரப்படகு ஒன்று நின்றது, ஆள் நிறைந்தால் கிளம்பும். தள்ளி, கேட்டவரைத் தனியாக ஏற்றிப் போகிற தோல் பரிசல்கள். நான் பெரிய படகு என்றேன். முழுகினாலும் கத்துவதற்குப் பத்துப் பேர் கூட இருப்பார்கள், ஊருக்குச் சேதி சொல்லவாவது ஒருத்தர் மிஞ்சுவார். மேஸ்திரிக்குப் பரிசல்தான் வேண்டும். பெரிய படகில் பாதி ஆண்டர்சன்பேட்டை உட்கார்ந்திருந்தது. பெண்டாட்டியைக் கெஞ்சி அழைத்துவரப் போகிறவரை அவர்கள் அக்கரை வரைக்கும் சும்மாவா விடுவார்கள்? பரிசலில் நாம் இரண்டு பேர் மட்டும் போய் முழுகினால் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்டேன். யாருக்கும் தெரியாது, அதுதான் நல்லது என்றார்.

இந்தப் பேச்சு எப்படி முடிந்திருக்குமோ. அதற்குள் அவர் குனிந்து பரிசலைத் தட்டினார். டொம்.

பக்கத்துப் பரிசல். டொம். மூங்கிலில் தோலை இழுத்துக் கட்டியது வேறு எப்படிக் கேட்கும்? மேஸ்திரிக்கு நெற்றி வேர்த்தது. வேகமாகப் போய்ப் பெரிய படகின் விலாவைத் தட்டினார். அதுவும் டொம். உள்ளே காலியாக இருப்பதால்தான் படகு மிதக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். உள்ளே காலியாக இருந்த பாறைக்குக் கீழே நின்ற நாலு பேரைத் தனக்குத் தெரியும் என்றார். உண்மையைச் சொன்னால், நானும் படகை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.

பரிசல்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஏன் சாமி, அக்கரை போக வந்தியா, மேளம் வாசிக்க வந்தியா?" என்று கேட்டார். படகு முழுவதும் சிரித்தது. சிரிப்போடேயே அது கிளம்பி, பனிக்குள் போய்க் கரைந்தது.

பனி விலகியது. வெயில் ஏறியது. பெரிய படகு திரும்பி வந்தது, மேஸ்திரி அதை மறுபடி தட்டினார், அது மறுபடி போயிற்று. நடுவில் தண்ணீர் ஓரம் குந்தி, மேகம் ஒவ்வொன்றாக ஏரியைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை. வெயில் சாயச் சாய, வேலூர் வண்டியின் சலங்கை எனக்குக் காதுக்குள்ளேயே கேட்டது.

அப்போது பளபளப்புக்கு நடுவிலிருந்து ஒரு பரிசல் இந்தப் பக்கமாக வந்தது. அதில் ஒரு பெண். கிட்டே வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்ற பிறகுதான் கன்னியம்மா அக்கா என்று தெரிந்தது.

"பெரிய படகுல வந்தவங்க சிரிச்சிக்கினே சொன்னாங்க" என்றாள் அக்கா. "இக்கரையில ஒரு ஆளு காத்தாலருந்து படகு படகா தட்டிக்கினு, எதுலயும் ஏறாம, வூட்டுக்கும் போவாம கீறாருன்னு. ஒலகத்துல அப்படி ரெண்டு பேரா இருப்பாங்க?"

மேஸ்திரி எழுந்து நின்றார். "எல்லாமே டொம்முன்னுதான் கேக்குது கன்னிம்மா."

"நான் அதுலதான் வந்தேன்."

அவர் பரிசலைப் பார்த்தார். நனைந்த அவள் புடவையைப் பார்த்தார். "நடுவுல இருந்த கட்டைய எடுத்துட்டேன்" என்றார்.

"மத்ததெல்லாம்?"

"மத்தது இருக்கட்டுமே. மழைக்காலம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு. அடக்கிக்கொண்டு திரும்பி, "மூட்டை தங்கச்சி வூட்ல கீது. நீயா அக்கரைக்கு வந்து தூக்குனா வரேன். இல்லன்னா எங்கண்ணன் தூக்கிக்கினு போவாரு" என்றாள்.

மேஸ்திரியின் விரல் பழக்கத்தில் மடங்கியது. அக்கா அந்தக் கையை அப்படியே பிடித்து இழுத்துப் பரிசலுக்குள் உட்கார வைத்தாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நீயும் ஏறு என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் பின்னால் பெரிய படகில் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

பரிசல் மெல்லச் சுற்றிக்கொண்டே போயிற்று. ஒரு சுற்றில் அவர் முகம் தெரிந்தது, அடுத்த சுற்றில் அவள் முகம். கொஞ்ச தூரத்தில் அவர் கண்ணைத் திறந்துவிட்டார் போலிருந்தது. பிறகு முகங்கள் தெரியவில்லை. பொன்னாகக் கிடந்த தண்ணீரில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். நான் கண்ணை எடுத்தால் அது முழுகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. வெயிலில் கண் கூசி நீர் வடிந்தது, துடைக்கவில்லை.

பெரிய படகு நிறைந்துவிட்டது, ஏறவில்லையா என்று படகுக்காரர் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றேன், திரும்பிப் பார்க்காமலே. "அவர அக்கரையில எறக்கிட்டு வரேன்."