பேதி உப்பில் மிதந்த ஆன்மா

அரைகுறையாகப் படித்தவனை ஊரில் அரைக்குடம் என்பார்கள். அவனைவிட மோசமான ரகம் ஒன்று உண்டு. ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு, கேட்டே படித்தவன். அரைக்குடம் தளும்பினால் கொஞ்சம் தண்ணீராவது சிந்தும். இவனிடம் சத்தம் மட்டும்தான். கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் நான் சில வருஷம் அப்படி வெறும் சத்தமாகவே வாழ்ந்தேன்.

ஷட்டிலில் மற்றவர்கள் தூங்கினார்கள். நான் பாட்காஸ்டில் எபிசோடு எபிசோடாக இடைக்காலத் தத்துவம் கேட்டேன். ஆன்மாவுக்கு உடம்பு தேவையா, மனிதனுக்கு அறிவு எங்கிருந்து வருகிறது என்று பாரசீகத்திலும் ஸ்பெயினிலும் பாரிஸிலும் பெரிய பெரிய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நடுவராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். தகுதி என்று பார்த்தால், ஒரு தாடி. (தாடிக்குப் பின்னால் இருந்தவன் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் செய்ததில் நொட்டை சொல்வதுதான் சம்பளமே. தத்துவம் சுலபமாகத்தான் வந்தது.)

இந்தப் பிரகஸ்பதியைக் கல்யாணம் செய்துகொள்ள தேன்மொழி என்றொரு நல்ல பெண் சம்மதித்திருந்தாள். ஒரே நிபந்தனை, அவள் அப்பா சரி என்று சொல்ல வேண்டும். அவர் பெயர் சிவக்கொழுந்து. திருநெல்வேலிக்காரர். மின்சார இலாகாவில் ரிட்டயர் ஆகி, கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பவர். மகளைப் பார்க்க வந்தவர் அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். அதற்குள் என்னைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

"அப்பாவுக்குத் தாடி பிடிக்காது, எடுத்துடு. அவர்கிட்ட ஆர்க்யூ பண்ணாத. என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டு" என்றாள் தேன்மொழி.

அவரைப் பார்க்கப் போகிற அன்று காலையில் தாடியை எடுத்தேன். இரண்டு வருஷத் தாடியை மொக்கை ரேசரால் அவசர அவசரமாகச் சிரைத்ததில், தாடையும் கழுத்தும் பூனை பிறாண்டிய மாதிரி ஆகிவிட்டன. இரண்டாவது புத்திமதியைத்தான் காற்றில் விட்டேன்.

எல் கமினோ சாலையில் ஒரு தோசைக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தம்பி என்ன படிப்பீங்க என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் ஸ்பெயின் தேசத்து நீதிபதி ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தேன். மனிதர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறிவுதான், தனித்தனி அறிவு என்பதே கிடையாது என்பது அவர் கட்சி. அன்றைக்கு அது என் கட்சி. (போன வாரம் வேறு கட்சி. எந்த எபிசோடு கடைசியாகக் கேட்டேனோ அந்தக் கட்சி.)

சிவக்கொழுந்து அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரே சூரியன், நூறு குடத்துத் தண்ணீரில் நூறாகத் தெரியவில்லையா? குடம் உடைந்தால் சூரியனா உடைகிறது? அப்படித்தான் ஆன்மாவும் ஒன்றே ஒன்று என்று, நான் சொன்னதையே என்னைவிட அழகாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் புல்லரித்தது. தலையை ஆட்டு என்றாளே, கழுத்து சுளுக்கும் அளவுக்கு ஆட்டினேன். மாமனார் என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று மேஜைக்கு அடியில் தேன்மொழிக்குக் கட்டைவிரலை வேறு காட்டினேன். அவள் முகம் வெளுத்தது. அப்பா வகுப்பில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியும். சித்தாந்தக்காரர்கள் எதிராளியின் கட்சியை முதலில் குறையில்லாமல் எடுத்துச் சொல்வார்கள். அதற்குப் பரபக்கம் என்று பெயர். ஆட்டுக்கு மாலை போடுகிற கட்டம் அது.

"சரி, ஒரே அறிவுன்னு சொல்லுதீங்க" என்று கண்ணைத் திறந்தார். என் முன்னால் இருந்த ரவா தோசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்போ இதை நான் தின்னா ருசி உங்களுக்கும் தெரியணும்லா?"

தின்றார். முழுசாக, சட்னியோடு. நடுநடுவே ருசி தெரிகிறதா என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பசி ஒன்றுதான். அது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே என்கிறார்களே, நான் பாரசீகத்து வைத்தியரை எடுத்து விட்டேன். ஒரு மனிதன் அந்தரத்தில் மிதக்கிறான். பார்க்க ஒன்றுமில்லை, கேட்க ஒன்றுமில்லை, கைகால்கூட ஒன்றையொன்று தொடவில்லை. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே ஆன்மா தன்னை அறிய உடம்பு வேண்டாம்.

சிவக்கொழுந்து அங்கிள் ஒப்பவில்லை. உடம்பு, மனசு என்கிற கருவிகள் இல்லாவிட்டால் ஆன்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது, இருட்டில் கிடக்கிற கண் மாதிரி கிடக்கும் என்றார். செய்தே பார்த்துவிடலாம் அங்கிள் என்றேன். பக்கத்து ஊரான மில்பிடாஸில் மிதக்கும் தொட்டிகள் வாடகைக்கு விடுகிற இடம் ஒன்று இருந்தது. மூட்டை மூட்டையாக உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர். மூடியைச் சாத்தினால் கும்மிருட்டு. ஒரு மணி நேரம் கட்டை மாதிரி மிதக்கலாம். தேன்மொழி காரில் வரும்போதே கண்ணால் கெஞ்சினாள். நான் கண்ணாடியில் என் புது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் உப்பின் பெயரைச் சொன்னதும் சிவக்கொழுந்து அங்கிள் மகளைப் பார்த்தார். "எப்சம் சால்ட்னா நம்மூர்ல பேதிக்குக் குடுக்கிறதுல்லா? அதுலயா இவரு ஆன்மாவைத் தேடுதாரு?"

இன்றைக்கு ஷேவ் செய்தீர்களா, காயம் இருந்தால் இறங்க வேண்டாம் என்று அந்தப் பெண் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். ஆன்மாவுக்கு ஏதம்மா ஷேவிங் என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

அவர் இடுப்பில் துண்டோடு ஒரு தொட்டிக்குள் போனார். அடுத்த அறைத் தொட்டியில் நான் டிராயரோடு இறங்கி, மூடியைச் சாத்தி, தலையைச் சாய்த்தேன். 'நான் இருக்கிறேன்' என்று நினைக்க வாயெடுத்தேன். அதற்குள் கழுத்து நினைத்துவிட்டது. ஒவ்வொரு கீறலிலும் மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி எரிந்தது. எரிகிற இடத்தைத் துடைத்தேன். துடைத்த கையால் கண்ணையும் துடைத்தேன்.

பாரசீகத்து வைத்தியர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இருட்டில் மூடியும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. எப்படியோ வெளியே வந்து, கண்ணு போச்சு என்று தமிழில் அலறிக்கொண்டு ஓடினேன். குளியலறை என்று நினைத்துத் திறந்த கதவு வரவேற்பறைக் கதவு. அங்கே அமைதிக்காகச் சலசலத்துக்கொண்டிருந்த சின்ன நீரூற்றுக்குள் முகத்தைப் புதைத்தேன். தியானத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் தியானிக்காமலே வீடு திரும்பினார்கள். தேன்மொழிதான் ஈர டிராயரோடு நின்ற வருங்காலக் கணவனைத் துண்டால் மூடி உட்கார வைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, விபூதி சகிதம் அவர் வந்தார். ஓடிய கதையை மகள் சொல்லக் கேட்டார். உள்ளே என்ன தெரிந்தது அங்கிள் என்று, வெட்கம் கெட்ட நான் அப்போதும் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலை. பாட்டுப் போட்டு எழுப்பினாங்க பாருங்க, அப்பத்தான் நான் ஒருத்தன் இருக்கேங்கதே தெரிஞ்சுது" என்றார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆன்மா எதைச் சாருதோ அதுவா ஆயிரும் தம்பி. நான் இருட்டைச் சார்ந்து இருட்டா கிடந்தேன். நீங்க உப்பைச் சார்ந்தீங்க."

திரும்பும்போது தேன்மொழி ஓட்டினாள். அவர் முன் சீட்டில். பின் சீட்டில் நான், கண்ணில் ஈரத்துண்டோடு. சொல்வதற்கு என்னிடம் ஒரு எபிசோடுகூட இல்லை. ஃப்ரீவேயில் பாதி தூரம் போனபிறகு, நான் தூங்கிவிட்டதாக நினைத்து அவர் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பேசாம இருக்கும்போது நல்ல பையனாத்தாம்மா தெரியுதாரு. தேதி பாக்கச் சொல்லட்டுமா?"

துண்டுக்கு அடியில் கண் மறுபடி எரிந்தது. அதற்கு உப்பு காரணமில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சாப்பாட்டு மேஜையில் நான் தொண்டையைச் செருமி, "ஆக்சுவலா, அறிவுங்கிறது..." என்று ஆரம்பித்தால் போதும், தேன்மொழி உப்புக் கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைப்பாள். எங்கள் மகளுக்கு முழுக்கதை தெரியாது, ஆனால் வழக்கம் தெரியும். போன வாரம் வீட்டுக்கு வந்த என் மேனேஜரிடம் நான் செயற்கை நுண்ணறிவுக்கு ஆன்மா உண்டா என்று வாயைத் திறந்தேன். மகள் எழுந்து போய் சமையலறையிலிருந்து ஒரு பாக்கெட் கல்லுப்பையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆன்மான்னு ஆரம்பிச்சா கிண்ணம் பத்தாதுன்னு தாத்தா வீடியோ கால்ல சொன்னார்ப்பா. திஸ் ஒன் நீட்ஸ் த பிக் சால்ட்."