பேச்சிராஜாவின் தனி வாசல்

“என் பேரு எதுக்கும்மா அந்தாளு பேருக்குப் பின்னால வருது?”

பேச்சிராஜா கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து அழுத்திய அழுத்தில் திரை உடைந்துவிடுமோ என்று அபிதா பயந்தாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில் இருந்து வெப்சைட் செய்து கொடுப்பவள் அவள். திரையில் இருந்த முகவரி இதுதான்: குருநாதன்டெக்ஸ் டாட் இன், ஒரு சாய்ந்த கோடு, அப்புறம் பேச்சிராஜா.

குருநாதன் அவனுடைய அண்ணன். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பாகம் பிரித்தார்கள். வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. விசைத்தறிகள் ஆளுக்கு எட்டாயின. வெப்சைட்டின் பெயரை மட்டும் இரண்டாக வெட்ட முடியவில்லை. கேரளத்து வியாபாரிகள் அந்தப் பெயரைத் தேடித்தான் வருகிறார்கள். அண்ணன் வேண்டாம், அண்ணன் பெயர் மட்டும் வேண்டும் என்பது பேச்சிராஜாவின் கொள்கை.

“இனி உம்ம கிட்ட வேல கேட்டு வந்தேன்னா என் பேரு பேச்சிராஜா இல்ல” என்று அன்றைக்கு அண்ணனிடம் தெருவே கேட்கக் கத்தியிருந்தான். இன்றைக்கு எட்டில் நான்கு தறிதான் ஓடுகிறது. ஓணத்துக்குள் ஆர்டர் வராவிட்டால், அண்ணனிடம் போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் ஐயாவின் கவலை எல்லாம் சாய்ந்த கோட்டைப் பற்றி.

“இது ஒரே வீடு அண்ணாச்சி. தெருவாசல் ஒண்ணுதான். உள்ள உங்களுக்குன்னு ஒரு ரூம்பு” என்றாள் அபிதா.

வீட்டைப் பிரித்துக்கொண்டு வந்தவனிடம் சொல்லக்கூடாத உதாரணம்.

“அப்ப அந்தாளு வீட்டுல நான் வாடகைக்கா இருக்கேன்? எனக்குத் தனி வாசல் வேணும்!”

“அதுக்கு சப்டொமைன்னு பேரு. உங்க பேரு முன்னால வரும். பேச்சிராஜா டாட் குருநாதன்டெக்ஸ் டாட் இன். ஆனா அது தனி வீடு மாதிரி. படம், விலை, ஆர்டர் ஃபாரம் எல்லாம் புதுசா வைக்கணும். ஒரு வாரம் ஆவும்.”

“பேரு முன்னால வருதுல்லா? பழச எடுத்துட்டு இன்னைக்கே இதப் போடு.”

போட்டாள். அன்று சாயங்காலமே புது முகவரியை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பினான். திறந்து பார்த்தவர்களுக்கு வெள்ளையாக ஒரு பக்கம் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. பழைய முகவரிக்குப் போனவர்களுக்கு அந்த வெள்ளைப் பக்கமும் கிடைக்கவில்லை.

“கடையை மூடிட்டீங்களான்னு போன்ல கேக்காங்க. என்ன சொல்லட்டும்?” என்றாள் மனைவி மாலா. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அபிதாவிடம் ஓடினான்.

“ரீரைட்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. வெளிய உங்க முகவரிதான் தெரியும். உள்ள சர்வர் சத்தமில்லாம பழைய ரூம்புல இருக்கதை எடுத்துக் காட்டும். வாரவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

பேச்சிராஜாவின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அந்தாளு பக்கத்துக்கு வாரவனையும் சத்தமில்லாம என் பக்கம் திருப்பலாம்லா?”

“அது தப்பு அண்ணாச்சி.”

“பேருல எனக்குப் பாதிப் பங்கு. பத்திரத்துல இருக்கு. எழுதும்மா!”

பத்திரத்தின் நகலையே மேசைமேல் போட்டான். பட்டால்தான் தெரியும் என்று அபிதாவும் எழுதிவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதல் ஆள் புளியங்குடிக்காரர்.

“ஏன்வே, நீரு குடுத்த துண்டு ஒரே துவைப்புல கைக்குட்டையா சுருங்கிட்டு!”

“அது எங்க அண்ணன் சரக்கு...”

“சைட்டுல உம்ம நம்பருதானவே இருக்கு? யாருகிட்ட கத விடுதீரு?”

அண்ணனுக்கு வரவேண்டிய திட்டு முழுவதையும் மூன்று நாள் அவனே வாங்கினான். வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் சாயம் போன கைலியை ஈரத்தோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. இவ்வளவுக்கும் குருநாதன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயந்துவிட்டான் என்று முடிவு செய்தான் பேச்சிராஜா.

நான்காம் நாள், “அந்தக் கருமத்த எடும்மா! எனக்கு என் வாசல் மட்டும் போதும்” என்று அபிதாவிடம் போய் நின்றான். அவள் அவனுடைய பக்கத்தில் படம், விலை, ஃபாரம் எல்லாம் வைத்து, இரண்டு கடைகளையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்துவிட்டாள்.

அதன் பிறகு பதினைந்து நாள் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த நான்கு தறியும் நின்றன.

“உங்க அண்ணங்கிட்ட போயி ஒரு வார்த்த கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?” என்றாள் மாலா.

“அதுக்கு எட்டு தறியையும் எடைக்குப் போட்டுருவேன்.”

எடைக்கடைக்காரரிடம் விலையும் விசாரித்துவிட்டான். அதற்கு மறுநாள்தான் அவனுடைய தனி வாசல் வழியாக முதல் ஆர்டர் வந்தது. ஜே.என். டிரேடர்ஸ், கொல்லம். வாரத்துக்கு ஒரு லோடு துண்டு, வேன் அவர்களே அனுப்புவார்கள்.

எட்டுத் தறியும் ஓடின. பேச்சிராஜாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் நின்று, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் பாடம் எடுத்தான்.

“ஒருத்தன் நிழல்ல ஒண்டிக் கெடந்தா உருப்பட முடியாதுவே. தனி வாசல் வேணும். இப்பப் பாரும், கொல்லத்துக்காரன் யாரத் தேடி வாரான்? குருநாதனையா தேடுதான்?”

அபிதாவுக்கு அரைக் கிலோ அல்வா கொண்டுபோய்க் கொடுத்தான்.

“அவங்ககிட்ட போன்ல பேசினீங்களா அண்ணாச்சி?” என்று அவள் கேட்டாள்.

“எதுக்கு? சரக்கு தரமா இருந்தா பேச்சு எதுக்கும்மா?”

ஆறாவது வாரம் லோடு ஏற்ற வந்த வேன் டிரைவர் வெள்ளத்துரையை இழுத்து உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தான். பக்கத்துத் தறிச் செட்டுக்காரர்கள் நாலு பேர் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினான்.

“சொல்லும் வெள்ளத்துரை, கொல்லத்துல நம்ம துண்டைப் பத்தி என்ன பேசிக்கிடுதாங்க?”

வெள்ளத்துரை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

“கொல்லத்தை நான் எங்கன கண்டேன் அண்ணாச்சி? அஞ்சு நடையும் அடுத்த தெருவுல உங்க அண்ணன் செட்டுலதான இறக்கினேன். ஆர்டர் போட்டதே அவருதான்னு உங்ககிட்ட மட்டும் சொல்லாண்டாம்னு சொல்லியிருக்காரு.”